சிவப்பு பல்பு எரியும்போது

அந்த மூலையில் இருக்கிற டியூப்லைட் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது தம்பி, யாரையாவது விட்டு ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லுங்கள். எனக்காகச் சொல்லவில்லை. நான் இன்றைக்கோ நாளைக்கோ இங்கிருந்து போய்விடுவேன். தினமும் இதன் கீழே உட்கார்ந்து எழுதுகிற உங்கள் கண்தான் கெட்டுப்போகும். பூதக்கண்ணாடியும் பென்சிலுமாக அடுத்தவர் முகத்தைத் திருத்தியே வயிறு வளர்த்தவள் நான், கண்ணின் அருமை எனக்குத் தெரியும். எழுபது வயதாகிறது, இன்றைக்கும் வாசிக்க மட்டும்தான் கண்ணாடி. உங்கள் முகமெல்லாம் கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரிகிறது. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. படத்தில் வேண்டாமென்றால் இரண்டு நிமிஷ வேலை.

கடிதம் எங்கே என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஒளிக்க வரவில்லை. எனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் வரும். நடுவில் பிடித்து இழுத்தால் நூல்கண்டு மாதிரி சிக்கலாகிவிடும்.

முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். நாட்டை ஆள்கிறவள் தன்னைப் பெற்ற அப்பனையே ஆள் வைத்துத் தீர்த்துவிட்டாள் என்று வெளியே பேசுகிறார்களாமே. பேப்பரிலும் ஜாடைமாடையாகப் போட்டிருந்தான். சுத்தப் பொய். என் பொண்ணுக்கும் அதற்கும் எள்ளளவு சம்பந்தம் கிடையாது. அதைச் சொல்லத்தான் எங்கள் வீட்டு வாசல் காவல்காரரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு நானாக வந்தேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பாவம், அவருக்கும் ஒரு டீ கொடுங்கள்.

அவரும் நானும் ஒரே ஸ்டுடியோ. அவர் என்று நான் சொல்வது காவல்காரரை இல்லை, செத்துப்போனவரை. அவர் படம் எடுப்பார், நான் டச்சிங். நெகட்டிவ் மேல் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துத் தழும்பை எடுப்பது, தொங்குகிற தாடையை ஒட்ட வைப்பது, மாறுகண்ணை நேராக்குவது. படத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் யாரும் என்னைத் திட்டியதில்லை. ஆளைத்தான் திட்டினார்கள்.

இருட்டறை வேலையையும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மூன்று விதி போட்டிருந்தார். உள்ளே போகுமுன் சட்டைப்பையைக் காலி செய்ய வேண்டும், கைக்கடிகாரத்தைக் கழற்ற வேண்டும். அவர் கடிகாரத்தின் எண்கள் இருட்டில் மினுங்கும், ஒரு பொட்டு வெளிச்சம் போதும், மொத்தக் காகிதமும் பாழ். வெளியே வருமுன் உள்ளிருந்து மூன்று தட்டு தட்ட வேண்டும், கதவருகே யாராவது கையில் கரைசல் தட்டோடு நின்றால் இடித்துவிடாமல் இருக்க. மூன்றாவது, கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் எதற்காகவும் வெளியிலிருந்து கதவைத் திறக்கக் கூடாது. "வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் திறக்காதே. முதல்ல பல்பை அணைக்கச் சொல்லு, அப்புறம் நெருப்பை அணைக்கலாம்" என்பார். நல்ல வேலைக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன்.

குழந்தைக்கு ஒன்பது மாசம் இருக்கும்போது கிளம்பினார். சொல்லாமல் கொள்ளாமல். "வேற ஊர்ல வேலை தேடிட்டுக் கூப்பிடறேன்" என்று ஒரு துண்டுச் சீட்டு, பால் பாத்திரத்துக்கு அடியில். ஐந்து மாசம் ஒரு தகவல் இல்லை. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரே பாட்டு.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் இன்னுமா வரல?"

"வந்துடுவார்க்கா."

"வர்றவன் ஏன் போறான்? நீ வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருப்பே."

அப்போதுதான் அந்தப் படகு கவிழ்ந்தது. எண்பது பேர். பாதிப் பேர் உடம்பு கிடைக்கவில்லை. துறைமுக அலுவலகத்தில் காணாமல்போனவர் பெயர் எழுதினார்கள். நான் அந்த வழியாகச் சும்மாதான் போனேன் தம்பி, இடுப்பில் குழந்தை. வரிசை இருந்தது, நின்றேன். என் முறை வந்தபோது குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "உனக்கு யாரும்மா?" என்றார். "வீட்டுக்காரர்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. காணாமல்போனவர்தானே.

வேடிக்கை என்னவென்றால் அந்த மனுஷன் வாளித் தண்ணீரைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்பவர்.

மறுநாளிலிருந்து அதே தெரு, வேறு மனிதர்கள். வீட்டுக்காரம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஸ்டுடியோ முதலாளி, "நீ இருக்கற வரைக்கும் இந்த நாற்காலி உன்னோடது" என்றார். விட்டுவிட்டு ஓடியவனின் பெண்டாட்டியாக ஐந்து மாசம் வாழ்ந்தவளுக்குத்தான் அதன் சுகம் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அவர் கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்துவிட்டேன் என்று எழுதி, இரண்டு ரயில் டிக்கெட் வைத்திருந்தார். நீங்களே சொல்லுங்கள், செத்துப்போனவரோடு குடித்தனம் நடத்த எப்படிப் போவது? அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யார் முகத்தில் முழிப்பது? உட்கார்ந்து பதில் எழுதினேன். குழந்தை காய்ச்சலில் போய்விட்டது, இனி நமக்குள் ஒன்றும் இல்லை, எழுத வேண்டாம் என்று. தேதியும் போட்டேன். இல்லாவிட்டால் நம்ப மாட்டார், கணக்கான ஆள். எழுதும்போது குழந்தை என் காலைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிக்கொண்டிருந்தது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? யாருக்கும் எதுவும் ஆகவில்லையே. அவருக்கு அங்கே நிம்மதி, எங்களுக்கு இங்கே நிம்மதி.

பொண்ணுக்கு ஏழு வயதானபோது அப்பா படம் வேண்டும் என்று நின்றாள். அவர் படம் ஒன்றுகூட நான் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டுடியோ இழுப்பறையில் யாரும் வாங்க வராத படங்கள் கிடக்கும். அதில் கோட்டுப் போட்ட ஒருவர், முன்வழுக்கை, சாந்தமான முகம். ஆறு வருஷமாகக் கிடந்தார். அவரைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினேன். அவள் நாற்காலி போட்டு ஏறி நின்று பார்த்தாள்.

"அம்மா, என் தாடையில குழி இருக்கு. அப்பாவுக்கு இல்லையே?"

"படம் சரியா விழலடி. அம்மா சரி பண்ணித் தரேன்."

சரி பண்ணினேன். அவள் தாடையைப் பார்த்து அவருக்கு ஒரு குழி. காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் பிரித்துவிட்டேன், அவளுடையது மாதிரி. அவள் வளர வளர முகம் மாறுமே, நானும் வருஷத்துக்கு ஒரு தடவை அவரைத் திருத்திப் புதுப் பிரதி போட்டேன். வருகிறவர் போகிறவரெல்லாம் "அப்பா ஜாடை அச்சு அசல்" என்றார்கள். அவள் முகம் அப்படியே மலரும். அந்தக் குழி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை பாருங்கள். டச்சிங் செய்கிறவர்களின் வியாதி அது. புள்ளி புள்ளியாகப் பார்ப்போம், ஆளைப் பார்க்க மாட்டோம்.

மற்றது உங்களுக்கே தெரியும். படகில் போனவரின் மகள் மேடை ஏறினாள். "என் அப்பாவைத் தண்ணி கொண்டுபோச்சு, இன்னொரு வீட்டு அப்பாவைக் கொண்டுபோக விட மாட்டேன்" என்றாள். கூட்டம் அழுதது, நானும் அழுதேன். பதவிக்கு வந்ததும் முதல் கையெழுத்து படகுச் சட்டத்துக்கு. அதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று போய்க் கேளுங்கள். அந்தக் கோட்டுக்காரர் படம் பள்ளிக்கூடத்தில், படகுத்துறையில், ஓட்டுப் போஸ்டரில். பழைய வீட்டிலேயே சாமான் போட்டிருந்த அறையை இருட்டறையாக்கிக்கொண்டு அந்தப் படத்தை நானே என் கையால் அச்சுப் போட்டுக் கொடுப்பேன். வீட்டில் சமைக்கிறவளிலிருந்து வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் வரை எல்லோருக்கும் சிவப்பு பல்பு விதி தெரியும். ஒருமுறை என் பொண்ணே அவசரமாக வெளிநாடு கிளம்பும்போது கதவுக்கு வெளியே நின்று, "வரேம்மா" என்று பல்பிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். காவல்காரர் வந்து செருமினார்.

"அம்மா, ஒரு பெரியவர் வந்திருக்காரு. மேடம் ஆபீஸ்ல குடுத்த பாஸ் வெச்சிருக்காரு."

"யாராம்?"

"பழைய ஸ்டுடியோ ஆளாம். அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. நம்ம ஐயா படத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி இருக்காரு. அந்தத் தாடையைப் பார்த்துட்டு சல்யூட்டே அடிச்சிட்டேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன். பயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு படத்தில் வேண்டாத புள்ளி தெரிந்தால் கை தானாகப் பென்சிலைத் தேடும், அப்படி ஒன்று.

இளைத்திருந்தார். மூச்சு விசில் மாதிரி வந்தது. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். கூடத்துப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோட்டு யாரோடது?" என்றார்.

"யாரோ ஒருத்தரோடது."

"தாடை என்னோடது. ஒரு சலூன்ல பத்திரிகையைப் புரட்டும்போது பார்த்தேன். இந்தத் தாடையை வரைஞ்ச கை எதுன்னு எனக்குத் தெரியாதா? அப்புறம் பக்கத்துல அவ படத்தைப் பார்த்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "காய்ச்சல்ல போயிட்டான்னு எழுதினியே."

"எழுதினேன்."

"நாற்பத்து மூணு வருஷம். வருஷா வருஷம் அந்தத் தேதியில நான் வாயில பச்சைத் தண்ணி விட மாட்டேன்."

எந்தத் தேதி என்று கேட்கலாமா என்று பார்த்தேன். நான் என்ன போட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. கேட்கவில்லை.

கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. "சண்டை போட வரல. அஞ்சு மாசம் வாயைத் திறக்காம இருந்தது என் தப்பு" என்றார். "நீ குழந்தையை மடியில வெச்சிட்டிருப்பே, நான் எடுத்தேனே, அந்த நெகட்டிவ் இருக்கா? ஒரே ஒரு பிரதி போட்டுக் குடு. அப்புறம் உன்கிட்ட இன்னொரு விஷயமும் கேக்கணும். ஒரு லெட்டர்..."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல படம்" என்று சொன்னேன். அவர் முகத்தில் அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே பாவமாக இருந்திருக்கும்.

நெகட்டிவ் இருந்தது. அதை மட்டும் ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள், அதில் நான் நன்றாக இருப்பேன்.

இருட்டறை வாசலில் ஒரு எனாமல் தட்டு வைத்திருப்பேன். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை தம்பி, இதை அப்படியே எழுதுங்கள். அவராகவே நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். போன். கைக்குட்டை. நாலாக மடித்த ஒரு காகிதம். கடைசியாக, மூச்சுத் திணறினால் வாயில் அடித்துக்கொள்கிற இன்ஹேலர். அதை மட்டும் ஒரு நொடி கையிலேயே வைத்திருந்தார். "இதுல மினுக்கறது ஒண்ணும் இல்லதான். ஆனா விதின்னா விதி" என்று சிரித்துக்கொண்டே அதையும் வைத்தார்.

வைத்துக்கொள்ளுங்கள், மருந்துதானே என்று நான் சொல்லியிருக்கலாம்.

பல்பைப் போட்டுவிட்டு உள்ளே போனோம். கரைசல் நெடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமினார். ஆனாலும் கரைசல் தட்டை அவர்தான் அசைத்தார், நான் விடச் சொல்லியும் விடவில்லை. காகிதத்தில் முதலில் என் முடி வந்தது, பிறகு புடவைக் கரை, பிறகு குழந்தையின் முகம். குனிந்து பார்த்தார்.

"பாரு, என் தாடை" என்றார். "உன்கிட்டேருந்து ஒண்ணுமே எடுத்துக்கல."

அவ்வளவுதான் சொன்னார். தப்பாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

"கழுவத் தண்ணி பத்தாது, கொண்டு வரேன்" என்று நான் வெளியே வந்தேன். அது சாமான் அறையாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா, தாழ்ப்பாள் வெளியேதான். போட்டேன். காற்றை இழுக்கிற மின்விசிறிக்கும் ஸ்விட்ச் வெளியே. சத்தம் அதிகம் போடும், நிறுத்தினேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து மூன்று தட்டு. மரியாதையாக, இடைவெளி விட்டு. பிறகு மறுபடி மூன்று. பிறகு எண்ண முடியாத மாதிரி.

சத்தம் கேட்டுக் காவல்காரர் வந்தார்.

"அம்மா, உள்ள யாரோ தட்டறாப்ல இருக்கே."

"பல்பு எரியுதா இல்லையா?"

"எரியுதும்மா."

"அப்புறம்?"

தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். அவர் மேல் வழக்கு எதுவும் போட்டுவிடாதீர்கள். அடுத்த மாசம் ஓய்வு பெறுகிறவர். சொன்ன விதியைக் கேட்டு நடந்தார், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. சத்தம் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பல்பை அணைத்தேன், கதவைத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே சாய்ந்திருந்தார். கடிகாரத்தைக் கட்டிவிட்டேன். போன், கைக்குட்டை, இன்ஹேலர் எல்லாவற்றையும் அவரே வைத்துக்கொண்ட மாதிரி அவர் பையில் ஒழுங்காக வைத்தேன். மருந்து பையிலேயே இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்று உங்கள் டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டாராமே, காரணம் இதுதான். படம் மட்டும் தண்ணீரிலேயே கிடந்தது. எடுத்துக் காயப்போட்டேன். நல்ல பிரதி.

சாயங்காலம் என் பொண்ணு வந்தாள். அவரைப் பார்த்தாள், காய்கிற படத்தைப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இவர்கிட்ட ஒரு லெட்டர் இருந்துச்சே, எங்கம்மா?"

"எனக்கென்னடி தெரியும்" என்றேன்.

அதற்குப் பிறகு வரவில்லை. மூன்று வாரமாகிறது. வேலை அதிகம், நாட்டைப் பார்க்க வேண்டாமா?

அவளுக்காகத்தான் செய்தேன். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் போஸ்டர் என்ன ஆகும், சட்டம் என்ன ஆகும், அவள் பேச்சைக் கேட்டு அழுதவர்கள் நாளைக்கு அவள் முகத்தில் துப்ப மாட்டார்களா? பெற்றவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாளா? செய்தது நான், என் பொண்ணுக்காகச் செய்தேன். இதன் கீழே கையெழுத்துப் போடத் தயார், பேனாவைக் கொடுங்கள்.

கடிதமா? கூடத்தில் கோட்டுக்காரர் படத்துக்குப் பின்னால், அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன், மனப்பாடம். "அப்பா, நீங்க முதல்ல அம்மாவைப் போய்ப் பாருங்க. அம்மா சரின்னு சொன்னா, நானே மேடையேறி எல்லாருக்கும் சொல்றேன், பதவி போனாப் போகட்டும். அம்மாவைக் கோபிச்சுக்காதீங்க. உங்க பொண்ணு." இவ்வளவுதான். உங்க பொண்ணு என்று கையால் எழுதியிருக்கிறாள். எனக்கு வருகிற கடிதங்களில் அவள் பெயரும் பதவியும் அச்சில் இருக்கும்.

எப்போது படித்தேன் என்றா கேட்கிறீர்கள்? அவர் போன பிறகுதான் என்று... ஓ, காவல்காரர் சொல்லிவிட்டாரா. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அவர் இரண்டாவது தடவை மூன்று தட்டு தட்டும்போது படித்து முடித்திருந்தேன். இன்ஹேலர் என் முழங்கைக்குப் பக்கத்தில் தட்டில் இருந்தது, தாழ்ப்பாள் எட்டும் தூரத்தில் இருந்தது. மடிப்புக் கலையாமல் மறுபடி மடித்துவிட்டு இன்னொரு முறை பிரித்துப் படித்தேன். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது தம்பி, எரியும்போது கதவைத் திறக்கக் கூடாது. அது நான் போட்ட விதி இல்லை, அவர் போட்டது.